மஞ்சள் பைக்குள் போகும் வில்லையுறை

கண்புரை அறுவையின் தொடக்கத்தில், இடுக்கியின் நுனியில் ஒரு மெல்லிய வட்டத் தாள் வெளிவருகிறது. அதன் விட்டம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். நீரில் நனைந்த வெங்காயத் தோலைப்போல் ஒளி ஊடுருவுவது. வெளியே வந்ததும் தன்போக்கில் சுருண்டுகொள்வது. விழிவில்லையின் முன்னுறையின் நடுப்பகுதி அது. அறுவை மருத்துவர் அதை ஒரு துணித்துண்டில் துடைத்துவிட்டு அடுத்த படிக்குச் செல்கிறார். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி மனிதத் திசு மஞ்சள் பைக்குரியது. பை எரியூட்டும் நிலையத்துக்குப் போகிறது. இந்தியாவில் கொரோனா ஆண்டுகளை விட்டுவிட்டால் ஆண்டொன்றுக்கு 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகள் நடைபெறுகின்றன. அவற்றுள் வட்டமாக உறையைக் கிழித்தெடுக்கும் முறை எங்கெல்லாம் கையாளப்படுகிறதோ அங்கெல்லாம் இந்தக் காட்சி அரங்கேறுகிறது.

கழிவைக் கழிவென்று எறிவதில் குற்றமில்லை. ஆனால் எறிவதற்கு முன் அதைப் பார்க்க விரும்பும் ஓர் ஆய்வு மாணவருக்கு ஆய்வுக் குழுவில் கிடைக்கும் விடை என்ன? “இது வெறும் விவரணை ஆய்வு. கருதுகோள் எங்கே? மூலக்கூறு அளவில் என்ன செய்யப்போகிறீர்கள்? இதெல்லாம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன வேலை.” முதுமையில் வரும் சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் என்னும் கோளாற்றில் வில்லையுறை அடையும் நுண்மாற்றங்களை ஆராய முன்வருவோர் கேட்டுப் பழகிய சொற்கள் இவை. இச்சொற்கள் வரலாற்றின்படியும் தவறு, தருக்கத்தின்படியும் தவறு. இந்திய நோயாளியின் நலனை நோக்கினாலும் தவறு. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் வரலாறு. 1917-இல் பின்லாந்தைச் சேர்ந்த ஜான் லிண்ட்பெர்க் தம் ஆய்வேட்டில், முதியோரின் கண்மணி விளிம்பில் படிந்திருந்த சாம்பல் நிறத் துணுக்குகளைப் பதிவுசெய்தார். அவருக்குக் கருதுகோள் ஏதுமில்லை. பிளவு விளக்கும் பொறுமையும் இருந்தன. 1920-களில் ஆல்பிரெட் வோக்ட் அதே பொருளைக் கண்டு, வில்லையின் உறையே செதில் செதிலாக உரிந்து விழுகிறது என்று முடிவுகட்டினார். உரிதல் என்னும் பொருளுடைய எக்ஸ்ஃபோலியேஷன் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. ஆனால் உறை உண்மையிலேயே உரியும் வேறொரு நிலை உண்டு. உலைக்களத்தின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் நின்ற கண்ணாடி ஊதும் தொழிலாளர்களின் கண்களில் முன்னுறை ஏடு பிரிந்து சுருள்வதை எல்ஷ்னிக் அதே காலத்தில் விவரித்திருந்தார். 1950-களில் ஜார்ஜியானா டுவோராக்-தியோபால்ட் திசுத் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து, முதியோர் கண்களில் உறை உரியவில்லை, உறையின்மேல் ஏதோ ஒரு பொருள் வந்து படிகிறது என்று காட்டினார். ஆகவே ‘போலி உரிதல்’ என்று பெயர் மாறியது.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. 1964-இல் பெர்டெல்சனும் அவருடைய நார்வே நாட்டுக் கூட்டாளிகளும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின்கீழ் வில்லையுறையை வைத்தனர். உறையின் உட்பக்கத்திலுள்ள எபிதீலியச் செல்களின் அருகிலும், உறையின் கனத்துக்குள்ளும் அதே நுண்ணிழைகள் தென்பட்டன. உறை என்பது வெளியிலிருந்து வரும் தூசியைத் தாங்கும் பலகை மட்டுமன்று. அதன் செல்களும் இந்தப் பொருளை ஆக்குவதில் பங்குகொள்கின்றன என்ற எண்ணம் பிறந்தது. எபிதீலியமும் உறையும் சேர்ந்த நுண்ணிழை நோய் என்று பொருள்படும் ஒரு நீண்ட இலத்தீன் பெயரையே அவர்கள் முன்மொழிந்தனர். பெயர் நிலைக்கவில்லை, கருத்து நிலைத்தது. 1980-களில் பார்பரா ஸ்ட்ரீட்டன் இந்த இழைகள் மீள்மைத் திசுவின் நுண்ணிழைகளை ஒத்திருப்பதைச் சுட்டினார். 1990-களின் தொடக்கத்தில் அவரும், ஜெர்மனியின் எர்லாங்கனில் ஷ்லோட்சர்-ஷ்ரேஹார்ட், நௌமான் முதலியோரும் இதே பொருளைத் தோல், இதயம், நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றிலும் கண்டனர். கண்ணின் ஓரத்துத் துணுக்காகத் தொடங்கியது உடல் முழுவதையும் தழுவிய இணைப்புத் திசுக் கோளாறாக விரிந்தது.

இந்த வரிசையில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. நோயின் பெயரும் விளக்கமும் மாறிய ஒவ்வொரு முறையும் மாற்றத்தைக் கொண்டுவந்தது யாரோ ஒருவர் திசுவை மீண்டும் பார்த்த செயலே. முன்னவர் பார்த்தாயிற்று என்று வோக்டுக்குப் பின் வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருந்தால், வில்லையின் உறை உரிகிறது என்றே பாடநூல்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும். விவரணையை இழிவாகப் பேசுவோர் தாம் வகுப்பில் நடத்தும் ஒவ்வொரு வரியும் விவரணையிலிருந்து வந்தது என்பதை மறந்துவிடுகின்றனர்.

அடுத்து, “மரபணு கிடைத்துவிட்டதே” என்னும் வாதம். 2007-இல் ஐஸ்லாந்து, சுவீடன் நோயாளிகளை ஆராய்ந்த குழு, லாக்ஸ்-எல்1 என்னும் மரபணுவின் வேறுபாடுகள் இந்நோயோடு வலுவாகத் தொடர்புடையவை என்று சயன்ஸ் இதழில் அறிவித்தது. அது பெரிய கண்டுபிடிப்பு, ஐயமில்லை. அந்த மரபணு ஆக்கும் நொதி மீள்மை இழைகளைக் குறுக்குப் பிணைப்பால் இறுக்கும் பணியைச் செய்வது. அம்முடிவு வெளியானபோது துறையறிந்தோர், இது பொருந்துகிறது என்று உடனே சொல்ல முடிந்ததற்குக் காரணம் என்ன? மீள்மை இழைகளின் கோளாறு இது என்று நுண்ணோக்கியாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவைத்திருந்ததுதான். மரபணு முடிவுக்குப் பொருள் கொடுத்தது அந்த ‘வெறும் விவரணை’. அது இல்லாவிட்டால் குரோமோசோமின் ஓரிடத்தைக் குறிக்கும் எண்ணாகவே அது நின்றிருக்கும்.

அதோடு முடியவில்லை. லாக்ஸ்-எல்1 மரபணுவின் இடர் வடிவம் நோயாளிகளிடம் மட்டும் இருப்பதன்று. பல மக்கள் கூட்டங்களில் நோயற்றவர்களிலும் மிகப் பெரும்பான்மையோர் அதைத் தாங்கியிருக்கின்றனர். எனவே அந்த வடிவத்தைக் கண்டுபிடித்து, இவருக்கு நோய் வரும் என்று சொல்ல இயலாது. இன்னும் வியப்பானது: ஐரோப்பியரிடம் இடர் தரும் வடிவம் ஜப்பானியரிடம் காப்பாகவும், காப்பு வடிவம் இடராகவும் மாறிவிடுகிறது. அதே மரபணுவின் மற்றோர் இடத்தில் தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களிடம் இத்தகைய தலைகீழ் மாற்றம் காணப்பட்டது. பிறகு காக்னா-1ஏ உள்ளிட்ட வேறு மரபணு இடங்களும் பட்டியலில் சேர்ந்தன. இத்தனைக்கும் பிறகு, மரபணு வந்துவிட்டது, திசு எதற்கு என்று கேட்பது, ஊரின் வரைபடம் கிடைத்துவிட்டது, தெருவில் இறங்குவது எதற்கு என்று கேட்பதற்கு ஒப்பாகும். எந்த மரபணு வடிவம் எந்த வயதில் எந்த உறையில் எவ்வளவு இழையைப் படியவைக்கிறது என்ற கேள்விக்கு விடை திசுவில்தான் இருக்கிறது. மரபணு ஆய்வு திசு ஆய்வின் தேவையைக் கூட்டியிருக்கிறதே அன்றிக் குறைக்கவில்லை.

மூன்றாவது வாதம் மருத்துவமனையிலிருந்து வருவது: “பிளவு விளக்கில் தெரிகிறதே, போதாதா?” தெரிவது என்ன என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். கண்மணியை விரித்துப் பார்த்தால் முன்னுறையின்மேல் மூன்று வளையங்கள் தோன்றும்: நடுவே மெல்லிய தட்டு, அதைச் சுற்றித் தெளிந்த ஓர் இடைவெளி, அதற்கும் வெளியே உறைபனி படிந்ததைப்போன்ற மணிமணியான விளிம்பு. இடைவெளி தெளிந்திருப்பதற்குக் காரணம் அங்கே ஒன்றும் படியாமை அன்று. கண்மணி சுருங்கி விரியும்தோறும் ஐரிசின் பின்புறம் உறையின்மேல் உராய்ந்து, படிந்ததைத் துடைத்தெடுத்துவிடுகிறது. அந்த உராய்வில் ஐரிசின் நிறமியும் உதிர்கிறது. உதிர்ந்த நிறமியும் இழைப்பொருளும் கண்நீர் வடியும் வலைத்திசுவை அடைக்கின்றன; கண்ணழுத்தம் ஏறுகிறது. திறந்த கோணக் குளுக்கோமாவுக்கு இன்னது காரணம் என்று சுட்டத்தக்கவற்றுள் உலகில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. சுவீடனில் நடந்த தொடக்கநிலைக் குளுக்கோமா ஆய்வில், இந்தப் படிவு உள்ள கண்களில் பார்வைப்புல இழப்பு முன்னேறும் இடர் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

ஆனால் மூன்று வளையங்களும் தெளிவாகத் தெரியும் நிலை நோயின் தொடக்கம் அன்று. அது நெடுநாள் வளர்ச்சியின் விளைவு. அதற்கு முன், உறையின்மேல் ஒரே சீரான மெல்லிய படலம் பரவும் கட்டம் ஒன்று உண்டு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அது தெரியும். பிளவு விளக்கில் தெரியாது, அல்லது தேர்ந்த கண்ணுக்கு மட்டும் மங்கலாகத் தெரியும். ஒரு கண்ணில் மட்டும் நோய் இருப்பதாகக் குறிக்கப்பட்டவர்களின் மறு கண்ணிலும் நுண்ணோக்கி அதே இழைகளைக் கண்டிருக்கிறது. அப்படியானால் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதப்படும் ‘இடக்கண் இயல்பு’ என்ற சொற்றொடர், விளக்கின் எல்லையைக் கண்ணின் நிலையாகப் பதிவுசெய்வதாகும்.

இந்தப் பிழை ஒரு நோயாளியின் குறிப்பேட்டோடு நிற்பதில்லை. நாட்டின் கணக்கிலும் ஏறுகிறது. தென்தமிழகத்தின் சிற்றூர்களில் நடந்த அரவிந்த் விரிவான கண் ஆய்வு, 40 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினரிடம் இந்நோயைக் கண்டது. ஆந்திரப் பிரதேசக் கண்நோய் ஆய்வு, 30 வயதைக் கடந்தோரில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்றது. 60-ஐக் கடந்தோரில் ஏறத்தாழ 3 விழுக்காடு. வயது வரம்பு வேறு, மக்கள் வேறு, பார்க்கும் முறையிலும் பார்ப்பவரின் பழக்கத்திலும் வேறுபாடு இருக்கக்கூடும். எண்கள் வேறாவது இயல்பே. இரண்டும் கவனத்தோடு நடத்தப்பட்ட பெரும் ஆய்வுகள். ஆயினும் இரண்டும் விளக்கில் தெரிந்ததைத்தான் எண்ணின. வேறு வழியும் அவற்றுக்கு இல்லை. தெரியாத கட்டத்தில் இருப்போர் எந்தக் கணக்கிலும் இல்லை. முன்பே கண்புரை அறுவை செய்துகொண்டவர்களின் நிலை இன்னும் சிக்கலானது: நோயைக் காட்டும் நடுத்தட்டு அறுவையன்றே கிழித்தெடுக்கப்பட்டு மஞ்சள் பைக்குள் போயிருக்கும். சான்றை எரித்துவிட்டுப் பின் வழக்கில் சான்று இல்லை என்று தீர்ப்பெழுதுவதற்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை.

சிற்றூரிலிருந்து முகாம் வண்டியில் ஏற்றி அழைத்துவரப்படும் ஒரு முதியவரை நினைத்துப் பார்க்க வேண்டும். மருந்து ஊற்றியும் கண்மணி போதிய அளவு விரியவில்லை. வில்லையை இருத்தி வைத்திருக்கும் தாங்கு இழைகள் இந்தப் பொருளால் அரிக்கப்பட்டுத் தளர்ந்திருக்கின்றன. உறையோடு அவை பிணையும் இடத்திலேயே பிணைப்பு குலைந்திருக்கிறது. அறுவையின் நடுவில் வில்லை அசையத் தொடங்கும்போதுதான் மருத்துவருக்கு உண்மை உறைக்கிறது. அறுவை நல்லபடியாக முடிந்தாலும், ஆண்டுகள் பல கழித்துச் செயற்கை வில்லை தன் உறைப்பையோடு சேர்ந்து சரிந்து விழக்கூடும். இடைப்பட்ட காலத்தில் கண்ணழுத்தம் ஓசையின்றி ஏறிப் பார்வை நரம்பைத் தின்றிருக்கலாம். “ஆபரேஷன் ஆயிற்று, இனிக் கவலையில்லை” என்று சொல்லி அனுப்பப்பட்டவர் மறுபடி மருத்துவமனைப் படியேறும்போது மீட்க ஒன்றும் எஞ்சியிராது.

வட்டத் தாளை நுண்ணோக்கியில் பார்ப்பது அந்த அறுவைக்கு உதவாதே என்று கேட்கலாம். உண்மை; தாள் கையில் கிடைக்கும்போது அறுவை தொடங்கிவிட்டது. ஆனால் அந்த மனிதருக்கு இன்னொரு கண் இருக்கிறது. அறுவைக்குப் பின் வாழவேண்டிய ஆண்டுகளும் இருக்கின்றன. விளக்கில் ஒன்றும் தெரியாத கண்ணின் உறையில் இழைகள் காணப்பட்டால், மறு கண்ணின் அறுவையை முன்னெச்சரிக்கையோடு திட்டமிடவும், கண்ணழுத்தத்தைத் தவணை தவறாமல் அளக்க அவரை அழைக்கவும் அது போதிய காரணம். அவ்வாறு கண்டவர்களில் எத்தனை பேர் பின்னாளில் குளுக்கோமாவுக்கு ஆளாகின்றனர் என்பதை ஆண்டுகள் தொடர்ந்து எண்ணினால், கருதுகோள் எங்கே என்று கேட்டவர்களுக்கும் விடை கிடைக்கும்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவுள்ளவையும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. இழைகளை மிகுதியாக ஆக்குவன வில்லையின் நடுவரைக்கு முன்னால் உள்ள செல்கள் என்று கருதப்படுகிறது. அறுவையில் கிடைக்கும் தாளோ உறையின் நடுப்பகுதி மட்டுமே. ஆகவே இந்தத் தாள், படிவை நன்றாகக் காட்டும். பிறப்பிடத்தை அரைகுறையாகவே காட்டும். அதற்குக் கண்தானத்தில் முழு விழியாகப் பெறப்படும் கண்களில் கருவிழி போக எஞ்சும் பகுதியையும் சேர்த்து ஆராய வேண்டும். முற்றிய புரையில் உறையை நிறம்காட்டப் பயன்படும் டிரைபன் நீலச் சாயம் திசுவின் தோற்றத்தைக் குழப்பக்கூடும். சாயமிட்ட தாள்களைத் தனியே வைக்க வேண்டும். உறையைச் சிறுசிறு வெட்டுகளால் திறக்கும் பழைய முறையில் முழு வட்டம் கிடைக்காது. எலக்ட்ரான் நுண்ணோக்கி எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. அதற்குரிய குளூட்டரால்டிஹைடில் திசுவை உடனே இட வேண்டும். ஃபார்மலினில் இட்டு, பி.ஏ.எஸ். சாயமேற்றி ஒளி நுண்ணோக்கியில் பார்ப்பதோ எந்த நோய்க்குறியியல் துறையிலும் இயலும். உறையின்மேல், காந்தத்தில் ஒட்டிய இரும்புத்தூளைப்போலக் குத்திட்டு நிற்கும் படிவை அதிலேயே காணலாம். மிகத் தொடக்கநிலைப் படலத்துக்கு மட்டும் ஒரு பங்கு மாதிரிகளைப் பெரிய நிறுவனங்களுக்கு அனுப்பினால் போதும்.

விவரணை ஆய்வு செய்வோரும் குற்றமற்றவர்கள் அல்லர். ஒத்த வயதுடைய, நோயற்ற முதியோரின் உறையை ஒப்பீட்டுக்கு எடுக்காமல் நோயாளியின் உறையை மட்டும் படம்பிடித்துக் காட்டினால், அதில் முதுமை எது, நோய் எது என்று யாரால் பிரிக்க முடியும்? முன்னுறை வயதோடு தடித்துக்கொண்டே போவது. உடலின் அடித்தளச் சவ்வுகளில் மிகவும் தடித்ததும் அதுவே. எபிதீலியச் செல்களில் குமிழிகளும் சிதைவும் கண்புரையாலும் வரும். நோயாளி யார் என்பதை அறிந்துகொண்டே நுண்ணோக்கியில் குனிபவர் தேடியதைக் கண்டடைவார். அழகான ஒரு படத்தைத் தேர்ந்து அச்சிட்டு, மற்றப் படங்களைப் பெட்டியில் பூட்டுவதும் ஆய்வாகாது. இவற்றைச் செய்தால் ‘வெறும் விவரணை’ என்ற ஏச்சுக்கு ஆய்வாளரே இடம்தந்தவராவார். ஆயினும் மோசமான விவரணைக்கு மருந்து நல்ல விவரணையே. அளவுகளோடு, ஒப்பீட்டோடு, பார்ப்பவருக்கு நோயாளியை மறைத்து, தடிமனையும் படிவின் பரப்பையும் எண்ணால் பதிந்து செய்யும் விவரணை அது. மோசமாக நடத்தப்பட்ட மரபணு ஆய்வுகளைக் கண்டு மரபணுவியலையே மூடிவிட வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை.

அறநெறித் தடை என்ற சாக்கும் நீடிக்காது. மருத்துவத் தேவைக்காக எடுக்கப்பட்டு எஞ்சும் திசுவை ஆய்வுக்குப் பயன்படுத்துவது குறித்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் பேசுகின்றன. அறநெறிக் குழுவின் ஒப்புதலும் நோயாளியின் இசைவும் பெற்று முறையாகச் செய்ய வழி இருக்கிறது. நோயாளியின் உடலில் கூடுதலாக ஒரு கீறலும் வேண்டியதில்லை. இசைவு கேட்கும்போது அவருடைய மொழியில், எறியப்போகும் துண்டைப் பார்க்க விரும்புகிறோம், அதில் ஏதேனும் தெரிந்தால் உங்களுக்கும் சொல்வோம் என்று கூறினால் போதும். அந்தக் கடைசிச் சொல்லைக் காப்பாற்றும் கடமை மட்டும் மறக்கப்படக் கூடாது. திசுவைப் பெற்றுக்கொண்டு முடிவைச் சொல்லாதிருப்பது ஆய்வின் பெயரால் நடக்கும் இன்னொரு சுரண்டல்.

இப்படிச் செய்ய நிறுவனங்களுக்குத் தடையாய் இருப்பது பணம் மட்டுமன்று. கண் மருத்துவத் துறையும் நோய்க்குறியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் பேசிக்கொள்ளாத வழக்கம் ஒன்று. கருவியின் விலையைக் கொண்டு ஆய்வின் தகுதியை அளக்கும் மனநிலை மற்றொன்று. வெளிநாட்டு இதழ் எதை விரும்பும் என்று பார்த்துக் கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் மூன்றாவது. வடஐரோப்பிய நாடுகள் தம் முதியோரின் கண்களைப் பார்த்துத் தம் கேள்விகளை உருவாக்கின. கண்புரை அறுவை எண்ணிக்கையில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு, தன் கண்களைத் தான் பார்க்காமல், அந்நாடுகளின் விடைகளைத் தன் மாணவருக்கு மனப்பாடம் செய்விக்கிறது.

ஆகவே ஆய்வுக் குழுக்களிடம் கேட்க வேண்டியவை எளியவை. வயது, பாலினம், எந்தக் கண், கண்மணி விரிந்த அளவு, கண்ணழுத்தம், விளக்கில் கண்டது ஆகிய ஆறு குறிப்புகளோடு வில்லையுறைத் தாள்களைச் சேமிக்கும் ஒரு குளிர்ப்பெட்டியும் ஒரு பதிவேடும் ஒவ்வொரு கண் மருத்துவப் பயிற்சி மருத்துவமனையிலும் இருக்கட்டும். ஒத்த வயது ஒப்பீடு இல்லாத ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பட்டும். விவரணை என்பதற்காக மட்டும் எதையும் திருப்பி அனுப்பாதிருக்கட்டும். “ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன வேலை” என்று சொல்லும் அறிஞர், முடித்தவர் யார், யாருடைய கண்ணில், எந்த ஊரில் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லிவிட்டு அவ்வாறு சொல்லட்டும். விடை வரும்வரை, நாளைக் காலை அறுவைக்கூடத்தில் முதல் தாள் இடுக்கியின் நுனியில் வெளிவரும்போது, மஞ்சள் பையின் அருகே ஒரு சிறு கண்ணாடிக் குப்பியும் வைக்கப்பட்டிருக்கட்டும்.